காதில் ஏறிய முள்

அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் மாரிசாமியின் வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தில் முந்தின நாள்தான் லாரியில் ட்ரவுட் மீன்களைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். சனிக்கிழமை காலையில் கரையெல்லாம் தூண்டில் போட வந்த கூட்டம். மாரிசாமி, தன் ஆபீஸ் நண்பன் முகிலனை இடித்துக்கொண்டு நின்று தூண்டிலைப் பின்னால் ஓங்கினார். முள் முகிலனின் காதில் ஏறியது. அது தெரியாமல் அவர் முன்னால் வீச, காது கிழிந்தது.

"யோவ், கண்ணு தெரியல?"

அதுவரை அண்ணா என்று அழைத்த முகிலன் அவர் வாயில் குத்தினான். மாரிசாமி தூண்டிலோடு சரிந்தார். முள் இன்னும் மாட்டியிருந்ததால் காது மேலும் கிழிந்தது. வலியில் வெறியேறி, அவர்மேல் உட்கார்ந்து குத்தினான். அவர் கைக்கு எட்டிய கல்லால் அவன் முழங்காலில் ஓங்கி அடித்தார்.

மாரிசாமியின் மனைவி நாகமணி ஓடி வந்து தூண்டில் நரம்பை வெட்டினாள். இருவரையும் காரில் தள்ளினாள்.

"ரெண்டு பேருக்கும் கிரீன் கார்டு பெண்டிங். போலீஸ் கேஸ் ஆச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

எமர்ஜென்சியில் நர்ஸ் என்ன நடந்தது என்று கேட்டாள். பாறையில் வழுக்கி விழுந்தோம் என்றான் முகிலன். இரண்டு பற்களை இழந்திருந்த மாரிசாமியும் தலையாட்டினார். பிறகு, வீங்கிய உதட்டால் மன்னிப்புக் கேட்க முயன்றார்.

"கார்டு வரட்டும்," என்றான் முகிலன் மெதுவாக. "அப்புறம் உன்ன அந்தக் குளத்துலயே முக்கிக் கொல்றேன்."