குட்டியானையில் போன குரல்

ரஞ்சனிக்குப் பேச்சு என்றால் உயிர். அவளைக் கொண்டுபோய்த் தோட்டத்துச் சாளையில் தனியாகக் குடிவைத்த விதியை என்னவென்று சொல்வது? சேந்தமங்கலத்துக்குப் போகும் தார்ச்சாலையை விட்டு இறங்கி, வாய்க்கால் ஓரமாக வெகுதூரம் உள்ளே போனால் அந்த ஒற்றை வீடு வரும். முன்னால் மரவள்ளிக்காடு, பின்னாலும் மரவள்ளிக்காடு, அதற்கப்பால் கொல்லிமலை. கணவன் முருகானந்தம் சத்தீஸ்கரில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை. மகள் யுவஸ்ரீ கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். வீட்டில் பேச்சுத் துணைக்கு மிச்சம் ஓர் எருமைதான். பாவம், அதுவும் எவ்வளவு நேரம் கேட்கும்?

முருகானந்தம் தினமும் மத்தியானம் போன் செய்வார். அதில் குறை சொல்ல முடியாது. "மோட்டார் ஓடுதா? எருமைக்குத் தீனி வெச்சியா? செரி, வெச்சர்றேன்." அவ்வளவுதான். பின்னால் ரிக் போடுகிற இரைச்சலில் அதற்கு மேல் பேசவும் முடியாது. எருமை சாப்பிட்டதா என்று ஒருநாள் தவறாமல் கேட்கிற மனுசனுக்கு, எருமைக்குத் தீனி வைக்கிறவள் சாப்பிட்டாளா என்று கேட்கத் தோன்றவில்லை. கெட்டவர் இல்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

காய்கறி விற்கும் பச்சமுத்துவின் குட்டியானை வண்டி வாரத்தில் இரண்டு நாள் அவள் வீட்டுக்கு வரும். எல்லா ஊரும் சுற்றிவிட்டுக் கடைசியாக வருவான். ஒற்றை வீட்டுக்கு எதற்கு என்று, பதிவுக் குரலில் கூவும் ஸ்பீக்கரைத் தார்ச்சாலையிலேயே அணைத்துவிடுவான். ரஞ்சனி கால் கிலோ கத்தரிக்காயை அரைமணி நேரம் பொறுக்குவாள். கத்தரிக்காய்க்காக இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

ஒருநாள் அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"ஏனுங்க்கா, எனக்கொரு ஒதவி செய்யோணும். என் ஸ்பீக்கர்ல கத்தறானே ஒருத்தன், அதே ஆளுதான் இன்னொரு வண்டியிலயும் கத்தறான். எது என் வண்டின்னு சனத்துக்குத் தெரிய மாட்டேங்குது. நீங்க நல்லாப் பேசறீங்க. நீங்க பேசிக் குடுத்தா அதைப் போட்டுக்குவேன்."

ரஞ்சனிக்குக் கை கால் ஓடவில்லை. தன் குரல் ஊரூராகப் போகும்! அன்று முழுக்க எருமைக்கு முன்னால் நின்று பழகினாள். தொலைக்காட்சியில் பேசுகிறவர்களைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு, அடுத்த தடவை அவன் வந்தபோது அவனுடைய போனில் பதிந்து கொடுத்தாள்: "அன்பார்ந்த பெரியோர்களே! தாய்மார்களே! உங்கள் இல்லம் நாடி, உங்கள் இதயம் நாடி வந்துகொண்டிருக்கிறது..."

விளைவு விபரீதமாகிவிட்டது. முதல் ஊரில் பாதிப் பேர் ஓட்டுக் கேட்கிற வண்டி என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். சின்னாயி என்ற கிழவி மட்டும் அவசர அவசரமாக மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, ஆரத்தித் தட்டோடு முச்சந்தியில் வந்து நின்றுவிட்டாள். வேட்பாளரைத் தேடினால் வெங்காய மூட்டை. கிழவி ஏசிய ஏச்சைப் பச்சமுத்து பாதிதான் சொன்னான். அவன் சிரித்தான், ரஞ்சனியும் கூடச் சிரித்தாள். அவன் போன பிறகு உள்ளே போய் அழுதாள். என் பேச்சு யாருக்கும் வேண்டாம் என்பது இத்தனை நாள் சந்தேகமாக இருந்தது, இப்போது ஊரே சொல்லிவிட்டது என்று நினைத்தாள்.

சில நாள் எருமையிடம்கூட அவள் பேசவில்லை. பிறகு ஒரு சாயங்காலம், தண்ணீர் பாய்ச்சிவிட்டு வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருந்தவள், வெறும் வண்டித்தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தடத்தில் யாராவது ஒருத்தர் நடந்து வந்தால் நாம் முதலில் என்ன கேட்போம்? இதயம் நாடி வந்தீர்களா என்றா கேட்போம்? தன் போனை எடுத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தினாள். வராத அந்த ஆளைப் பார்த்துப் பேசினாள்.

"ஏனுங்க, சாப்ட்டீங்களா? அடுப்புல இருக்கறத எறக்கி வெச்சுட்டு மெல்ல வாங்க, வண்டி எங்கயும் ஓடிறாது. கத்திரிக்கா பிஞ்சா இருக்குது. தக்காளி சித்தெ பழுத்துப்போச்சு, ரசத்துக்கு ஆகும். ஒண்ணும் வேண்டாட்டியும் பரவால்லீங்க, சும்மா வந்து பேசிட்டுப் போங்க."

பச்சமுத்து கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தான். "காயி விக்கற வண்டியில சாப்ட்டீங்களான்னு யாருங்க்கா கேப்பாங்க? அதை மட்டும் எடுத்துப்போடலாமுங்க."

"அதை எடுக்கறதுன்னா எல்லாத்தையும் அழிச்சிரு, தம்பி." தன் குரல் இவ்வளவு அழுத்தமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "எனக்குப் பேச வர்றது இப்படித்தான். வேணுமின்னா போடு, வேண்டாட்டி உடு."

அவன் அரை மனதோடு வாங்கிப்போனான். அடுத்த முறை வந்தபோது வண்டியை விட்டு இறங்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, சனம் பதில் சொல்லுதுங்க! அந்த ஆரத்திக் கெழவி இருக்குதே, 'சாப்ட்டேன் சாமி, நீ சாப்ட்டியா'ன்னு ஸ்பீக்கரப் பாத்துக் கேக்குது. தீர்த்தகிரின்னு ஒரு பெரியவரு, பொண்டாட்டி செத்து ஊட்டுல தனியா இருக்காரு. தெனமும் கட்டல்ல படுத்துட்டே 'ஆச்சு ஆயா, ஆச்சு'ன்னு சொல்றாரு. இன்னைக்கு எந்திரிச்சு வந்து தக்காளி வாங்கிட்டுப் போனாருங்க."

தீர்த்தகிரியை ரஞ்சனி பார்த்ததில்லை, இனிப் பார்க்கப்போவதும் இல்லை. ஆனாலும் அன்று ராத்திரி ரசம் வைக்கும்போது அவர் ரசத்தில் உப்பு சரியாக விழுந்திருக்குமா என்று கவலைப்பட்டாள். அந்தக் கவலை அவளுக்குச் சந்தோசமாக இருந்தது.

அதற்குப் பிறகு வாராவாரம் பேச்சை மாற்றிக் கொடுத்தாள். அதற்காகவே கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு திரிந்தாள். மலைமேல் மேகம் இறங்கினால், "துணி காயப் போட்டிருந்தா எடுத்துருங்க" என்று சேர்த்தாள். முருங்கை பூத்தால் அதையும் சொன்னாள். ஆனால் "சாப்ட்டீங்களா", "மெல்ல வாங்க" இரண்டும் மாறவில்லை. அவள் குரல் ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டு போனது. அவள் மட்டும் அதைக் கேட்டதில்லை.

ஆடி நோம்பிப் பண்டிகைக்கு முருகானந்தம் வருவதாக இருந்தது. மழைக்காலத்தில் ரிக் நின்றுவிடும், ஆட்கள் ஊர் திரும்புவார்கள், அதுதான் வழக்கம். ரஞ்சனி வீட்டை வெள்ளையடித்து வைத்திருந்தாள். நோம்பிக்கு முதல் நாள் போன் வந்தது.

"இங்க மழையவே காணோம் புள்ள. வேல ஓடுது. ஓனரு உட மாட்டேங்கறாரு." பிறகு வழக்கம்போலக் கேட்டார்: "எருமைக்குத் தீனி வெச்சியா?"

"வெச்சேனுங்க."

மகளுக்கும் பரீட்சை, வரமாட்டாள். ரஞ்சனி போனை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். காலையில் இருந்து அடுப்பு மூட்டவில்லை. அவர் ஊருக்கு வண்டியேறிய செய்தி வரட்டும், அப்புறம் சமைக்கலாம் என்று இருந்துவிட்டாள். இனி ஒருத்திக்காக எதற்கு ஆக்குவது? அழக்கூட அலுப்பாக இருந்தது. ஆடிக் காற்று மரவள்ளிக்காட்டைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் காற்றோடுதான் அது வந்தது. காட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரில் வண்டி போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும். இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண்குரல் விட்டுவிட்டுக் கேட்டது. யாரோ என்றுதான் ரஞ்சனி முதலில் நினைத்தாள். நல்ல குரல், அவசரமில்லாத குரல்.

"ஏனுங்க, சாப்ட்டீங்களா?"

ரஞ்சனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். காற்று ஒருமுறை தணிந்து திரும்ப வீசியது. குரலும் திரும்ப வந்தது. "அடுப்புல இருக்கறத எறக்கி வெச்சுட்டு மெல்ல வாங்க..."

"இன்னும் இல்லீங்க," என்றாள் ரஞ்சனி, வாய்விட்டு.

பிறகு எழுந்து உள்ளே போய், அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தாள்.