அக்காவின் பெயரில் ஒரு பூ

அக்கா காலையிலிருந்து பால்கனிக் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். ஆர்க்கிட் மறுபடி பூத்திருந்தது. ஒரே ஒரு பூ. பார்க்க வரும்படி எதிர்வீட்டுக்காரர்களிடம் சொல்லியிருந்தாள்.

தங்கை உள்ளே வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே பூவிடம் போனாள்.

“எனக்கு இது வேணும்க்கா.”

“போன தடவையும் இதையேதான் சொன்னே. பறிச்சிட்டுப் போய் இஸ்திரி போட்டுட்டே.”

அந்தப் பூ இப்போது தங்கை வேலை செய்யும் உலர்தாவரக் கூடத்தில், ஓர் அட்டையில் ஒட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்க வெப்பமண்டலக் காட்டில் எடுத்த செடி என்று அக்காவுக்கு விற்றவர் சொன்னார். எந்த நூலிலும் அது இல்லை. புதிய இனம் என்று தங்கை கட்டுரை எழுதி, அக்காவின் பெயரையே வைத்தாள். ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. அச்சுக்குப் போக இன்றைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

கட்டுரையின் ஒரு வரிதான் அவளைத் தூங்கவிடவில்லை. மகரந்தக் கட்டிகள் நான்கு. அவள் எண்ணவில்லை. அழுத்திக் காயவைத்ததில் அவை கூழாகியிருந்தன. பூ கேட்லியா என்ற ஆர்க்கிட் வகை போல இருந்தது, கேட்லியாவுக்கு நான்கு. எழுதிவிட்டாள்.

“பூ நடுவுல இருக்கற மூடியைத் தூக்கி, கட்டியை எண்ணணும். அவ்வளவுதான்.”

“பூவுக்கு ஒண்ணும் ஆகாதே?”

“நாளைக்கு வாடிடும்.”

“அப்போ நாளைக்கு எண்ணு.”

“இன்னிக்குப் பதில் சொல்லணும்க்கா.”

அக்கா பூவை மறைத்து நின்றாள். பிறகு நகர்ந்தாள்.

“பண்ணித் தொலை. பூவோட மூஞ்சி கோணாம பண்ணு. ஆளுங்க வராங்க.”

தங்கை பல்குச்சியால் பூவின் நடுவிலிருந்த சின்ன மூடியைத் தூக்கினாள். மஞ்சள் கட்டிகள் குச்சியில் ஒட்டிக்கொண்டு வந்தன. தட்டில் தட்டி லென்ஸை வைத்தாள். நான்கு. மூச்சு விட்டாள். லென்ஸை எடுக்குமுன் இன்னும் ஏதோ தெரிந்தது. கடுகில் பாதிகூட இல்லை. சூம்பிப்போன இன்னும் நான்கு கட்டிகள்.

கேட்லியாவுக்கு உறவான லேலியாவுக்கு எட்டு. நான்கு பெருத்து நான்கு சூம்பியிருந்தால் இரண்டும் கலந்தது. எங்கோ ஒரு தோட்டத்தில் யாரோ ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றில் வைத்திருக்கிறார். காட்டில் இப்படி ஓர் இனமே இல்லை.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?”

“கலப்புச் செடிக்கா. புது இனம் இல்ல.”

“அதான் நாலு இருக்கே!”

“எட்டு.”

“அதெல்லாம் தூசு மாதிரி இருக்கு. ஊதிவிடு, போயிடும்.”

தங்கை ஊதவில்லை.

“எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்டி. ஆபீஸ்ல, லிஃப்ட்ல. பல் டாக்டர் வாயைத் திறங்கன்னார், அவர்கிட்டயும் சொல்லிட்டேன்.”

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

வாசல் மணி அடித்தது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

“உங்க பேரு வெச்ச பூ எங்கே?”

“வாங்க, வாங்க. என் பேரேதான். புஸ்தகத்துல வருது. எல்லாம் தங்கச்சி வேலை.”

தங்கை போனை எடுத்தாள். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று தட்டினாள். கட்டைவிரல் வழுக்கியது. மறுபடி தட்டினாள். காலடிகள் கூடத்தைத் தாண்டின. அனுப்பினாள். தட்டை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு வழி விட்டாள்.