காம்பு வைத்த வாளி

1

இந்தக் கதை, திண்டிவனத்தில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கிய சிவப்புப் பிளாஸ்டிக் வாளியிலிருந்து கிடைத்தது. அதன் அடியில் பித்தளைக் கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மேலே தள்ளினால் தண்ணீர் வந்தது, விட்டால் நின்றது. செய்தி சேகரிக்கப் போன இடத்தில் அதில் கை கழுவினேன்.

"எங்க வீட்டம்மாவுக்கு ஒரு கை இல்லீங்க. அதுக்காகப் பண்ணது" என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னது அவ்வளவே. மீதியை நான் கற்பனையில் கட்டிக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "1984 மாசியில், மல்லாட்டைக் கடலை உடைக்கும் மெஷின் அம்சவள்ளியின் வலது கையை—"

வேண்டாம். இரத்தம்தான் நினைவில் நிற்கும்.

மறு தொடக்கம்: அம்சவள்ளி சோற்றைக் குறைத்துக்கொண்டாள்.

இது நிற்கும். மிஞ்சிய இடது கைதான் இனி சாப்பிடவும் வேண்டும், வெளிக்குப் போனால் கால் கழுவவும் வேண்டும். அந்தக் கையைக் கழுவ வேறு யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும். ஓரகத்தி காந்திமதி ஊற்றினாள்; ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அம்சவள்ளிக்கு அதுதான் தாளவில்லை. சுளித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கூப்பிடுவதைக் குறைக்க, உண்பதைக் குறைத்தாள்.

"இன்னாடி, கோழிக்கு எறைக்கிற மாதிரி போட்டுக்கினு துன்ற?"

"பசிக்கலக்கா."

(காந்திமதியைக் கொடுமைக்காரியாக்கினால் எழுதுவது எளிது. ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது.)

3

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, கணவன் கோதண்டபாணியோடு பாசஞ்சரில் திரும்பிக்கொண்டிருந்தாள். முண்டியம்பாக்கம் தாண்டியதும் கழிவறைக்குப் போனாள். அவன் எழுவதற்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது கை முழங்கை வரை நனைந்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாருடி ஊத்துனது?"

"ரயிலு ஊத்துச்சு."

கம்பியைக் கையால் மேலே தள்ள, தள்ளிய கையிலேயே தண்ணீர் விழும் குழாய். திண்டிவனத்தில் இறங்கியதும் அவள் ரயில் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நன்றி என்பது ஒரு...

(முடிக்கவில்லை. அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை.)

4

அந்தக் குழாய் கோதண்டபாணிக்கு எப்படிக் கிடைத்தது? ரயிலிலேயே கழற்றினான் என்று ஒரு வடிவம் எழுதினேன். விறுவிறுப்பு கூடியது, அம்சவள்ளி காணாமல் போனாள். அடித்துவிட்டேன். பழைய இரும்புக் கடையில் வாங்கினான்.

சைக்கிள் கடை வைத்திருந்தவன். ஓர் இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, எல்லோரும் குழாய் வைப்பதுபோல் வாளியின் பக்கவாட்டில் துளை போட்டான். வாளி வளைவு; வாஷர் படியவில்லை. விடிந்து பார்த்தால் பாதித் தண்ணீர் தரையில். தெருப் பம்பிலிருந்து காந்திமதி சுமந்து வந்த தண்ணீர்.

"கழட்டிடு" என்றாள் அம்சவள்ளி. "அக்கா இன்னும் ரெண்டு நடை நடக்கணுமா, என்னால?"

அவன் கழற்றினான், இன்னொரு வாளி வாங்கினான். இம்முறை துளை அடியில். அங்கே தட்டை. சைக்கிள் டியூபில் வெட்டிய வாஷர் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. நட்டை முறுக்கி, உத்தரத்தில் தொங்கவிட்டான். (சைக்கிள் டியூபின் வால்வை உள்ளிருக்கும் காற்றே மூடிவைப்பதுபோல, இதை வாளித் தண்ணீரே அழுத்தி மூடும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.) கீழே விரித்த செய்தித்தாள் மறுநாளும் காய்ந்தே கிடந்தது.

"இன்னா கொழுந்தனாரே, வாளிக்குக் காம்பு வச்சிக்கிற! பால் வருமா?" என்றாள் காந்திமதி.

5

அன்று மத்தியானம் அம்சவள்ளி மறுசோறு கேட்டாள். இங்கேயே முடிக்கலாம். மனம் வரவில்லை, கூப்பிடுவார் இல்லாமல் காந்திமதி என்ன செய்தாள் என்று பார்க்க வேண்டியிருந்தது.

வறட்டி தட்டிவிட்டு, இரண்டு கையிலும் சாணியோடு வந்தாள். அம்சவள்ளி இடது கையில் சொம்பை எடுத்தாள்.

"வாளி கீதே, நானே கழுவிக்கினு போறேன்."

"கம்முனு கைய நீட்டுக்கா."

காந்திமதி நீட்டினாள்.

அடுத்துக் காந்திமதி சொன்னதாக மூன்று வாக்கியங்கள் எழுதி, மூன்றையும் அடித்தேன். சொம்பில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. நான்காவதை நீங்கள் எழுதுங்கள்.