மெயினைத் தொடாதீங்க மாப்பிள்ளை

என் தங்கை புருஷனிடம் ஒரே விஷயத்தைச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. கிடங்கில் அவர் சூப்பர்வைசர், நான் எலக்ட்ரீஷியன். சாயங்காலம் கடைசியாகப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறவர் அவர். விளக்குகளை அணைக்கத் தனி சுவிட்ச் இருக்கிறது. ஆனால் அது அந்தக் கோடியில் இருக்கிறதே, நடக்க வேண்டுமே! வாசலருகே உள்ள மெயின் சுவிட்சை ஒரே தட்டாகத் தட்டிவிட்டுப் போய்விடுவார்.

மெயின் போனால் எமர்ஜென்சி விளக்குகள் சும்மா இருக்குமா? கரன்ட் போய்விட்டது என்று பேட்டரியில் எரிய ஆரம்பித்துவிடும். ஆளே இல்லாத கிடங்குக்கு வெளிச்சம் காட்டிக் காட்டி பேட்டரி செத்துக் கிடக்கும். பகலில் ஏறுகிற சார்ஜ் எந்த மூலைக்கு?

"மெயினைத் தொடாதீங்க மாப்பிள்ளை, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அட போங்க மச்சான்! மெயினை அணைச்சாலும் அதுபாட்டுக்கு எரியுது. ஓசி வெளிச்சம். அது பொறுக்கலையா உங்களுக்கு?"

இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஒரு நாள் காலை பேட்டரிகளைச் சோதிக்க நானே ஏணியோடு வந்து நின்றேன்.

தங்கைக்கும் அங்கேதான் வேலை. ஆளையும் சேர்த்து மேலே தூக்குகிற வண்டியில் நின்று, உச்சித் தட்டிலிருந்து சரக்கு எடுப்பாள். அன்றும் மேலேதான் இருந்தாள். அப்போது பார்த்து நிஜமாகவே கரன்ட் போனது. எமர்ஜென்சி விளக்குகள் ஒரு தடவை மினுக்கிவிட்டு அணைந்தன. கிடங்குக்கு ஜன்னலும் கிடையாது. கும்மிருட்டு.

"ஐயோ!" என்று தங்கையின் குரல்.

"வந்துட்டேன், வந்துட்டேன்மா!" மாப்பிள்ளை ஓடினார். எதிலோ முட்டிக்கொண்ட சத்தம். மறுபடி ஓட்டம்.

"வராதீங்க! யாரும் கிட்ட வராதீங்க!"

அவள் கத்தக் கத்த இவர் இன்னும் வேகமாக ஓடினார். பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பின்னாலேயே ஓடிப்போய் செல்போன் டார்ச்சை மேலே அடித்தேன்.

அவளுக்கு ஒன்றுமில்லை. இடுப்பில் பெல்ட், சுற்றிலும் கம்பி. ஆனால் பாதி இழுத்த பெரிய மரப்பெட்டி ஒன்று தட்டின் விளிம்பில் சாய்ந்து நின்றது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு நேர் கீழே, அண்ணாந்து பார்த்தபடி மாப்பிள்ளை.

"நகருய்யா!" மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. சட்டையைப் பிடித்து இழுத்தேன். வெளிச்சம் கிடைத்ததும் அவள் தம் பிடித்துப் பெட்டியை உள்ளே தள்ளினாள். வண்டிக்குச் சொந்த பேட்டரி உண்டு, மெல்ல இறக்கிக்கொண்டு வந்தாள்.

"பயந்துட்டியாம்மா?" என்று கிட்டப் போனவரின் நெஞ்சில் பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

"எனக்கென்னங்க பயம்? பெட்டி நழுவிக்கிட்டே இருக்கு, உங்க காலடிச் சத்தம் கிட்ட வந்துக்கிட்டே இருக்கு. வராதீங்கன்னு சொன்னா கேக்கவே மாட்டீங்களா? என் கையாலேயே உங்களைக் கொன்னிருப்பேனே!" ஓவென்று அழுதாள்.

மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

"அந்த லைட் எரியாததுக்குக் காரணமே நான்தான்மா. உங்க அண்ணன் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். நான் டார்ச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.