தைலம் தேய்த்த முதுகு

முதுகுவலிக்குச் சிகிச்சை தரும் தாரணி அமுக்கவில்லை. தேய்க்கவில்லை. பிரேமின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். ஐந்து நிமிடம். குப்புறப் படுத்திருந்தவன் பேச ஆரம்பித்தான்.

"மேல கேபின்ல தனியா இருக்கறப்ப, சில நாள் பயமா இருக்கு."

மூலை நாற்காலியில் இருந்த சங்கீதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதினாறு வருஷமாக அவன் மனைவி. சிங்கப்பூரின் துவாஸ் துறைமுகத்தில் கிரேன் மேலே உட்கார்ந்து, நாள் முழுக்கக் குனிந்தே பார்த்து இறுகிப்போன முதுகு அது. வலது கை தோளுக்கு மேல் எழாது. வீட்டில் அவள் தொட்டால் "விடு சங்கீ, வலிக்குது" என்பான். பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தேக்காவின் இந்த மாடியறையில், யாரோ ஒருத்தியின் கைக்குச் சொல்கிறான்!

"அடுத்த வாரமும் லோஷன், ஆயில் எதுவும் வேணாம்ணே," என்றாள் தாரணி. "தோல் காஞ்சிருக்கணும்லா. வழுக்கினா என்னால பிடிக்கவே முடியாது."

சங்கீதா அதைக் குறித்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை, பாசிர் ரிஸ் வீட்டில், சட்டையை எடுத்தவனை நிறுத்தினாள்.

"ஏங்க, திரும்புங்க. தைலம் தேச்சு விடறேன்."

"வேணாம்னு சொன்னாங்களே..."

"அவ சொன்னா சட்டமா?"

ஒரு கணம் அவளைப் பார்த்தான். திரும்பிக்கொண்டான். நடு முதுகுவரை தாராளமாகத் தேய்த்தாள். அவன் "விடு" என்று சொல்லவே இல்லை. அவள் இருந்த வேகத்தில் அது அவளுக்கு உறைக்கவும் இல்லை.

தேக்கா மாடியறையில் தாரணி கை வைத்தாள். வழுக்கியது. மறுபடி வைத்தாள். மறுபடி வழுக்கியது.

"என்னண்ணே இது? முதுகு பூரா எண்ணெய்! யாரு தேச்சது?"

சங்கீதா கைகளை மெல்லக் கைப்பைக்கு அடியில் நுழைத்தாள். இரண்டு தடவை சோப்புப் போட்டும் வாசனை போகவில்லை.

"நான்தான்," என்றான் பிரேம். "காலையில நானே தேச்சுக்கிட்டேன்."

கட்டிலின் ஓரத்தில் தொங்கிய அவன் வலது கையைத் தாரணி பார்த்தாள்.

"இந்தக் கையாலயா?"

"இந்தக் கையாலதான்."

தாரணி மூலைப் பக்கம் திரும்பவில்லை. "இன்னிக்கு வேலை ஆகாது," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

பிரேம் எழுந்து உட்கார்ந்தான். சட்டையை இடது கையால் எடுத்து, திரும்பிப் பார்க்காமலேயே பின்னால் நீட்டினான். சங்கீதா வந்தாள். சட்டையை வாங்கவில்லை. பளபளத்த முதுகில் உள்ளங்கையை வைத்தாள். வழுக்கியது. மறுபடி வைத்தாள்.

சட்டையை நீட்டிய அவன் கை அப்படியே நின்றது.