மங்கல் விளக்கில் ஒரு சவரம்

முப்பது வருடமாக ஊரார் தலைகளோடு பழகிய சலூன்காரருக்கு, சொந்த மனைவியின் தலையை மழிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அன்று காலை வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு எப்படியோ முடித்தார். முடித்த கை சும்மா இருக்குமா? தன்பாட்டுக்கு டப்பாவைத் திறந்து, கிரீமை வழித்து, அவள் தலை முழுக்கத் தடவிவிட்டது. "மழிச்சுட்டு வாங்க, வேற எதையும் தடவாதீங்க" என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். காது கேட்டது, கை கேட்கவில்லை.

ஆபரேஷன் செய்தும் அவள் மூளையில் கட்டி திரும்ப முளைத்திருந்தது. அதற்குப் புதுச் சிகிச்சை ஒன்றைச் சோதித்துப் பார்க்கிற ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

"இந்த மருந்தைக் குடிச்சா, அது போய் கட்டிக்குள்ள உக்காந்துக்கும்" என்றார் டாக்டர். "தானா ஒண்ணும் பண்ணாது. வெளியிலேர்ந்து அல்ட்ராசவுண்ட் ஒலி பட்டாதான் வேலையைக் காட்டும். தான் இருக்கிற செல்லை மட்டும் கொல்லும்."

சலூன்காரருக்குப் பாதி புரிந்தது. மீதியை நம்பினார்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் மருந்தைக் குடித்தாள். அதற்குப் பிறகு அவள் மேல் வெளிச்சம் படக் கூடாதென்று அறைக்குத் திரை போட்டு, ஒரே ஒரு மங்கல் விளக்கை வைத்தார்கள். மூன்று மணிக்கு டெக்னீஷியன் பெண் வந்து, அவள் தலையில் தொப்பி போன்ற கருவியை மாட்டி, இடைவெளியில் தண்ணீர் நிரப்பினார். கருவியின் திரையில் படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"தலையில என்ன தடவினீங்க?"

"நான்தான் மேடம்" என்றாள் மனைவி, சட்டென்று. "எரிச்சலா இருந்துச்சு, கொஞ்சம் கிரீம் போட்டுக்கிட்டேன்."

சலூன்காரர் ஆடிப்போனார். மூன்று மாதமாகத் தோளுக்கு மேல் கை தூக்க முடியாதவள் சொல்கிற பொய்யா இது!

"இல்ல மேடம். நான்தான். சலூன் வச்சிருக்கேன், பழக்க தோஷம்" என்றார். தன் கையாலேயே அவளுக்கு எமன் ஆகிவிட்டோமோ என்று பயந்தார்.

"யார் போட்டா என்ன, கழுவிடலாம். கிரீம்ல காத்துக் குமிழி நின்னுடும், ஒலி உள்ள போகாது. மழிச்சதும் சரியில்ல, முள்ளு முள்ளா முடி இருக்கு, அதுலயும் குமிழி நிக்கும். திரும்ப மழிக்கணும். மழிக்கிற எங்க ஆள் இன்னைக்கு லீவு, நீங்களே செய்ங்க. நாலு மணி தாண்டினா மருந்து கட்டியை விட்டுப் போயிடும். ஒரு கீறல் விழுந்தாலும் இன்னைக்குச் செய்ய முடியாது."

"லைட்டு?"

"போடக் கூடாது. மருந்து உடம்புல இருக்கு, தோல் வெந்துடும்."

சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினார். புதுக் கத்தியைக் கையில் வாங்கினார். அந்த வெளிச்சத்தில் கண் இருந்தும் பிரயோஜனமில்லை, மூடிக்கொண்டார். இடது கை விரல்கள் முன்னே தடவிப் போக, கத்தி பின்னாலேயே போனது. காதுக்கு மேலே பழைய ஆபரேஷன் தழும்பு மேடாக இருந்தது. அங்கே மட்டும் மூச்சை நிறுத்திக்கொண்டார்.

டெக்னீஷியன் பெண் தலை முழுக்க வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தார். துணியில் சொட்டு ரத்தமில்லை. மணி மூன்று நாற்பது. கருவி திரும்பத் தலையில் ஏறியது. இந்த முறை திரை தெளிவாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஸ்கேன் பார்த்த டாக்டர், "கட்டி பாதியா சுருங்கியிருக்கு. இன்னும் நாள் பிடிக்கும், ஆனா மருந்து கேக்குது" என்றார். சலூன்காரர் அவருக்கு நன்றி சொன்னார். டெக்னீஷியன் பெண்ணைத் தேடிப் பிடித்துச் சொன்னார். தரை துடைத்துக்கொண்டிருந்தவருக்கும் சொன்னார். அவருக்கு ஏன் என்று விளங்கவில்லை. நன்றி பொங்கி வழியும்போது ஆள் பார்த்தா ஊற்ற முடியும்?

வெளியே வரும் வழியில், இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை மனைவியிடம் கேட்டார். "அன்னைக்கு ஏன் பழியை நீ ஏத்துக்கிட்ட? என் மானம் போயிடும்னா?"

"உங்க மானத்தை வச்சு நான் என்ன செய்ய?" என்றாள். "கோவத்துல உங்களை வெளிய போகச் சொல்லிட்டாங்கன்னா? அந்த இருட்டுல நான் தனியால்ல கிடக்கணும்."

அவர் அங்கேயே சுவரில் சாய்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க வாய்விட்டு அழுதார். அவள் வாங்க போகலாம் என்று அவசரப்படுத்தவில்லை. அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.