நாற்பது கூடு

சவ அடக்கத்துக்கென்று போட்ட கறுப்புக் கவுனோடு, அப்பாவின் கராஜில் முழங்காலிட்டு உட்கார்ந்து, ரினே மூன்றாவது தடவையாகத் தோட்டாப் பெட்டிகளை எண்ணினாள். பத்தரைக்குத் தேவாலயத்தில் இருக்க வேண்டும். மணி ஒன்பதே முக்கால். எத்தனை தடவை எண்ணினாலும் கணக்கு மாறவில்லை. அலமாரியில் இருந்ததெல்லாம் போன இலையுதிர் காலத்துக்கு முந்தைய பெட்டிகள். நோட்டிலோ, டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அறுநூற்று நாற்பது தோட்டா அடைத்ததாக அப்பா எழுதி வைத்திருந்தார்.

அந்த நோட்டுதான் அவளைத் திரும்பத் திரும்ப எண்ண வைத்தது. ஜனவரியில் ஒரே வரியை மூன்று தடவை எழுதியிருந்தார். பிப்ரவரியில் ஒரு நாள், வெடிமருந்தின் எடையைக் குறிக்க வேண்டிய கட்டத்தில் 'ரொட்டி, முட்டை' என்று இருந்தது.

அந்த டோவர் கிரீக் ஊரில் பாதி வீடுகளில் தோட்டா அடைக்கும் மேஜை உண்டு. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, துடைத்து, மருந்தை அளந்து போட்டு, மேலே குண்டை அழுத்துவார்கள். கடைச் சரக்கைவிட நேராகப் போகும் என்று சத்தியம் செய்வார்கள். ஆனால் ஒருவன் அடைத்ததை இன்னொருவன் சுட மாட்டான், கூடப் பிறந்தவனாக இருந்தாலும் சரி. அவள் அப்பா வெர்லின் ட்விடன் ஒருவருக்கு மட்டும்தான் ஊர் அதில் விலக்குக் கொடுத்திருந்தது. கல்யாணம், பிறந்தநாள், மான் வேட்டைத் தொடக்கம் எல்லாவற்றுக்கும் அவர் கொடுத்தது ஒரு பெட்டி தோட்டா. வாங்கியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சுட்டார்கள்.

அந்த மனிதருக்குத்தான் போன வருஷம் நினைவு நழுவ ஆரம்பித்தது. துப்பாக்கிகளையெல்லாம் ரினேயின் தம்பி லைல் தன் வீட்டுக்கு எடுத்துப் போனான். மேஜையையும் பிரித்துவிடலாம் என்றான். ரினேதான் விடவில்லை. அதையும் பிடுங்கிவிட்டால் மனுஷனுக்கு என்னடா இருக்கு என்று சண்டை பிடித்தாள். இருநூறு மைல் தள்ளி, தன் வீடிருக்கும் பில்லிங்ஸ் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு பெரிய மனசு காட்டுவது சுலபம். செவ்வாய்க்கிழமை காலை, காபியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபடியே அப்பா போய்விட்டார். அவர் அடைத்த அறுநூற்று நாற்பதும் எந்தெந்த வீட்டில் இருக்கின்றனவோ, யாருக்கும் தெரியாது.

இந்த ஊர்க்காரர்கள் வைத்திருப்பது பழைய ராணுவத் துப்பாக்கிகள். சுடச் சுட அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும். மருந்தில்லாத ஒன்று நடுவில் வந்தால், குண்டு குழாய்க்குள்ளேயே சிக்கி நிற்கும். அது தெரியாமல், வெடிக்கவில்லை என்று கையால் அடுத்ததை ஏற்றிச் சுட்டால், சுடுகிறவன் முகம் போச்சு.

தேவாலய வாசலில் அவள் லைலிடம் சொன்னாள். அவன் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் தலையை ஆட்டினான்.

"இன்னைக்கு வேண்டாம்க்கா. இப்பப் போய்ச் சொன்னா, நாப்பது வருஷமா அவர் குடுத்த அத்தனையையும் தூக்கிப் போடுவானுங்க. அப்பாவோட பேரே போயிரும்."

"நாளைக்கு யாராவது கண்ணு போச்சுன்னா?"

அவன் கதவைத் திறந்து பிடித்தான். அவள் உள்ளே போனாள்.

பாட்டு, ஜெபம், காற்றில் விறைத்துக்கொண்டு மண் போட்டது, எல்லாம் முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றித்தொடைக் கறி வைத்த பன், உருளைக்கிழங்கும் கறியும் போட்டு அடுப்பில் வேக வைத்த பதார்த்தம், எலுமிச்சை கேக் துண்டுகள், தண்ணீர் மாதிரி காபி. ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்து, வெர்லின் கொடுத்த தோட்டாவில் தாங்கள் அடித்த மானின் கதையைச் சொன்னார்கள். ஒருத்தி, தன் மகன் கல்யாணத்துக்கு அவர் கொடுத்த பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருப்பதாகச் சொல்லி அழுதாள். ரினே சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள். இவ்வளவு பிரியமாகப் பேசுகிறவர்கள் முன்னால் எழுந்து எப்படிச் சொல்வது? சொல்லாமலும் எப்படி இருப்பது? கடைசியில், எல்லாரையும் கவனிக்க வைத்துச் சொல்லிவிடலாம் என்று கரண்டியை எடுத்துக் கோப்பையில் தட்டப் போனாள்.

முழங்கையை ஒரு பெரிய கை பிடித்தது. ஆரின் ஸ்டாடல். அடுத்த தெருக்காரர், தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்ந்தவர். எந்த மருந்து நல்ல மருந்து என்று அப்பாவோடு முப்பது வருஷம் சண்டை போட்ட ஆள். வாயைத் திறந்தால் காசு போய்விடும் என்பது போல்தான் பேசுவார்.

"உக்காரும்மா," என்றார் தணிந்த குரலில். "வாசல்ல பேசினது கேட்டுச்சு. அந்தத் தோட்டா எல்லாம் எங்கிட்டதான் இருக்கு."

"அறுநூத்தி நாப்பதுமா?"

"அறுநூத்தி நாப்பது எங்க இருக்கு? நாப்பதுதான். பதினாறு தடவ."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். லைலிடம் கண்ணைக் காட்டிவிட்டு அவளும் பின்னாலேயே போனாள்.

ஆரின் தன் கராஜில் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிறகு துண்டு துண்டாகச் சொன்னார். வியாழக்கிழமை தோறும் இரண்டு மணிக்கு அவர் அப்பாவிடம் போவாராம். பனிப்புயல் வந்த வாரங்கள் மட்டும் போகவில்லை. அப்பா நாற்பது தோட்டா அடைப்பார். 'சுட்டுப் பாத்துட்டு வாடா' என்று கொடுத்தனுப்புவார். ஆரின் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, குண்டு பிடுங்கும் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்து, மருந்தை வெளியே கொட்டி, கூடுகளைத் துடைத்து, சுட்டுவிட்டு வந்தவை போல அடுத்த வியாழன் கொண்டுபோய்க் கொடுப்பார். அப்பாவின் டப்பாவில் மருந்து குறையாமல் அவரே கொண்டுபோய் ஊற்றி வைப்பார். சும்மா கொடுத்தால் அப்பா நம்ப மாட்டார் என்று, தன் வீட்டில் தானே அடைத்த தோட்டாவால் குறி அட்டையில் ஐந்து சுட்டு, அதையும் காட்டுவாராம்.

"பாத்துட்டு என்ன சொல்வாரு?"

"தோட்டாவுல தப்பில்ல, உன் விரல்லதான் கோளாறுன்னு திட்டுவான். சுட்டது என் தோட்டா, திட்டு வாங்குறதும் நானு."

ரினே சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. கைக்குட்டை கிடைக்காமல் கவுன் கையாலேயே துடைத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

"சொல்லியிருந்தா மேஜையைப் பிரிச்சிருப்ப."

"பிரிச்சிருப்பேன்," என்றாள்.

போன வாரம் வியாழக்கிழமை அப்பா அடைத்த நாற்பது மட்டும் பிரிக்காமல் பெட்டியோடு பெஞ்சின் மேல் இருந்தது. தோள்பட்டை வலியால் ஒத்திப் போட்டதாக ஆரின் சொன்னார். தோள்பட்டையைப் பற்றிச் சொல்லும்போது அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. குப்பைக் கூடையில் தலை உடைந்த பிளாஸ்டிக் சுத்தியல்கள் மூன்று கிடந்தன.

ரினே பெஞ்சின் மேல் இருந்த நான்காவது சுத்தியலை எடுத்தாள். தோட்டாவை அதன் தலைக்குள் எப்படிச் சொருகுவது என்று அவர் காட்டினார். கட்டையில் மூன்று அடி அடித்ததும் குண்டு கழன்றது. மருந்தைத் தட்டில் கொட்டினாள். முதல் மூன்றும் சரியாக இருந்தன. நான்காவதிலிருந்து ஒரு பொடிகூட விழவில்லை. பதினோராவதிலிருந்து விழுந்தது நீளக் குச்சிகளாக இல்லாமல் தட்டைத் தட்டையாக இருந்தது. கைத்துப்பாக்கி மருந்து, பல மடங்கு வேகமாக எரிவது. ராணுவத் துப்பாக்கியில் அது போனால் துப்பாக்கியே வெடித்துச் சிதறும் என்று ட்விடன் வீட்டுப் பெண்ணுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் கை நின்றுவிட்டது.

"இது மாதிரி எத்தன வந்துச்சு?"

"எண்ணல."

"மாமா, உங்களுக்கு நாங்க எப்படி…"

"சுத்தியல நேரா பிடி. சரிச்சு அடிச்சா உடைஞ்சிரும்."

அவள் நேராகப் பிடித்தாள். நாற்பதும் முடிய ஒரு மணி நேரமானது. மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. அறுநூறு தோட்டாவை, எழுபத்தாறு வயசில், வாய் திறக்காமல் அடித்துப் பிரித்திருக்கிறார் இந்த மனுஷர். அப்பா கடைசி வியாழக்கிழமை வரைக்கும் ஊரே நம்பிய கைக்காரராகத்தான் வாழ்ந்தார். அவளால் கொடுக்க முடியாததை இவர் கொடுத்திருக்கிறார். நன்றி என்று ஒரு சொல் இருக்கிறது, அது போதவே இல்லை.

"இத எங்க கொட்டுறது?" என்று தட்டைக் காட்டினாள்.

"புல்லுல. குவிச்சுப் போடாத, தூவி விடு. நல்ல உரம்."

ரினே தட்டோடு பின்கதவைத் திறந்து வெளியே வந்தாள். மே மாதம் பிறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தெருவில் ஒரு வீட்டிலும் புல் இன்னும் எழவில்லை, எல்லாம் வைக்கோல் நிறம். ஆரின் வீட்டு வேலியோரம் மட்டும், ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்கு, கரும்பச்சையாக ஒரு பட்டை கணுக்கால் உயரம் வளர்ந்து, வேலியின் முக்கால் நீளத்துக்குப் போயிருந்தது.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, அது முடிகிற இடம் வரைக்கும் நடந்து போனாள். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ ஆரம்பித்தாள்.